பல் போனதும் சொல் போனதும்

பாரதி பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர் போன மாதம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். எங்கள் வயதில் இந்தக் கேள்வி இரண்டே இரண்டு சமாச்சாரத்துக்குத்தான் வரும். ஒன்று முட்டி, மற்றது பல். தொகையைச் சொன்னேன். அடுத்த மூன்று நாள் அவர் பூங்கா பக்கமே வரவில்லை.

அவரைப் போல இன்னும் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பல் போனது சொத்தையால் அல்ல, ஈறால். உத்தியோக காலத்தில் ஃபைல் கட்டு ஒன்றுக்கு ஒரு சிகரெட் என்று கணக்கு. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஈற்றில் ரத்தம் வந்தபோது உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். வலித்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். ஈறு நோய் வலிக்காது, அதுதான் அதன் சூழ்ச்சி. நல்ல முழுப் பல், ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாதது, வேர் பிடிப்பு இல்லாமல் ஆடி ஆடி விழும். 2010இல் ஓய்வு பெற்றபோது வாயில் பதினொன்று மிச்சம். 2014இல் கடைசி ஆறையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டு முழு செட் கட்டினார்கள்.

பல்செட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மேல் செட் ஓரளவு நல்ல பிள்ளை. அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட்தான் வில்லன். அதற்கு ஒட்டிக்கொள்ள இடமே கிடையாது, குதிரை லாடம் போல ஒரு மேட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாக்கு அசைந்தால் அசையும், உதடு இழுத்தால் எழும்பும். போதாக்குறைக்கு அந்த மேடும் வருஷா வருஷம் கரைகிறது. பல் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. பல் போனால், ஆளில்லாத வீடு போல அது தானே இடிந்து இறங்குகிறது. முதல் வருஷத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும், நிற்பதில்லை. எட்டு வருஷத்தில் நான் மூன்று செட் மாற்றினேன். கன்னம் உள்ளே போய், மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டன.

சாப்பாட்டுக் கஷ்டத்தை நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. குழைத்த சோறு, ஊறவைத்த ரொட்டி என்று பழகிவிட்டது. எங்கள் ஊரில் காலையில் மொறுமொறுவென்று வரும் நீள ரொட்டியைக் காபியில் முக்கித் தின்கிற நிலை வந்தது ஒரு வருத்தம்தான், ஆனால் அதற்காக யாரும் வைப்புத்தொகையை உடைப்பதில்லை. என்னை உடைத்தது வேறு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறியபோது எனக்கு நாலு வயது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி எல்லாம் முடிந்தபோது பன்னிரண்டு. ஊரில் கொடி மாறியது, எங்கள் வகுப்பறையில் பாஷை மாறவில்லை. பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் கைக்கண்ணாடி ஒன்றை மேசையில் வைத்திருப்பார். 'வ' வரும் சொல்லை நாங்கள் உதட்டைக் குவித்துச் சொன்னால் கண்ணாடியை நீட்டுவார். "மேல்பல்லால் கீழுதட்டைக் கடி. கடிக்காமல் வராது" என்பார். கண்ணாடியில் பார்த்துக் கடித்துக் கடித்துக் கற்றுக்கொண்டோம். அந்தக் கடியை நம்பித்தான் பிற்காலத்தில் என் பிழைப்பே ஓடியது. ஆபீசில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள், நொத்தேர் எழுதியவை, வந்தால் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். முதலில் பிரெஞ்சில் முழுதாக வாய்விட்டுப் படிப்பேன், பிறகு தமிழில் சொல்வேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு அர்த்தம் பிடிபடும். ஓய்வுக்குப் பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. பிரான்சில் இருந்து பென்ஷன் கடிதம் வரும் சொல்தா வீட்டுக்காரர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்களே, அவர்கள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள்.

2021 கடைசியில் அப்படி ஒரு அம்மா வந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. குடும்பப் பென்ஷனுக்கான பாரம். வழக்கம் போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் 'வேவ்' என்ற சொல் வந்தது. பிரெஞ்சில் விதவை என்று பொருள். முன்னால் ஒரு 'வ', பின்னால் ஒரு 'வ', இரண்டுக்கும் உதட்டைக் கடிக்க வேண்டும். முதல் கடிக்கே கீழ் செட் எழும்பியது, இரண்டாவதுக்கு வாயை விட்டு வெளியே வந்து பாரத்தின் மேல் விழுந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முந்தானையால் பாரத்தைத் துடைத்து, "பரவால்ல முசியே, தமிழ்லயே சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் வாய்விட்டுப் படிப்பதில்லை. மனதுக்குள் படித்துச் சுருக்கமாகத் தமிழில் சொல்லி அனுப்பிவிடுவேன். பாரிஸ் பக்கம் இருக்கும் சித்தப்பா மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் த, ந இரண்டும் நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடுவதால் பிறப்பதாகவும், வகரம் பல்லும் இதழும் சேர்வதால் பிறப்பதாகவும் கணக்காக எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே கண்ணாடியைத்தான் நீட்டியிருக்கிறார்கள்.

பல் பதிக்கும் யோசனை என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அவளுக்கும் முழு செட்தான். ராத்திரி ஜன்னல் ஓரம் இரண்டு டம்ளர்களில் இரண்டு பேர் சிரிப்பும் தண்ணீரில் கிடக்கும். "யாரு மொதல்ல படுத்தாலும் ஆகும்னு வெச்ச டெபாசிட்டுதானே, படுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிக்கலாம், எடுங்க" என்றாள். என் மருத்துவக் காப்பீட்டில் பல் சேர்த்தி இல்லை. பிரான்சிலும் சாதாரணமாக இன்சூரன்ஸ் இதற்குத் தராதாம். லீவுக்கு ஊருக்கு வரும்போது இங்கேயே பதித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்று சித்தப்பா மகன் சொன்னான்.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடச் சின்ன வயது. முதல் நாள் வாயைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. என்னென்ன மாத்திரை, எவ்வளவு சர்க்கரை, சிகரெட் உண்டா என்று அரை மணி நேரம் விசாரணை. சிகரெட்டை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது என்றதும்தான் முகம் தெளிந்தது. என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.6. "ஏழுக்குக் கிட்ட கொண்டுவாங்க அங்கிள், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். நாலு மாதம் ஆயிற்று. பிறகு தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்கேன். கீழ்த்தாடையில் மோவாய்க்கு இரு பக்கமும் நரம்பு வெளியே வரும் துளை ஒவ்வொன்று இருக்கிறது. அதைத் துளையிடும் ஊசி தொட்டுவிட்டால் உதடு மரத்தே போய்விடும். அந்த இரண்டு துளைக்கும் நடுவில்தான் எனக்கு நல்ல எலும்பு மிச்சம். மேலே, கடைவாய்ப் பக்கம், கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை கீழே இறங்கி எலும்பு அப்பளம் போல ஆகியிருந்தது.

என் மனைவிக்கும் சேர்த்துத்தான் கேட்டோம். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு திருகு வைத்து, அதன்மேல் பொத்தான் மாதிரி மாட்டிக் கழற்றும் செட் ஒன்று உண்டு. 2002இல் கனடாவின் மான்ட்ரியலில் பல் நிபுணர்கள் கூடி, பல்லே இல்லாத கீழ்த்தாடைக்குக் குறைந்தபட்சம் இதையாவது செய்ய வேண்டும் என்று கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். செலவும் குறைவு. ஆளுக்கு அப்படி ஒன்று என்பதுதான் எங்கள் கணக்கு. டாக்டரம்மா அவளுடைய சீட்டுகளைப் பார்த்தார். 2018இல் மணிக்கட்டு உடைந்தபோது எலும்பு தேய்மானம் என்று வருஷத்துக்கு ஒரு முறை டிரிப் ஏற்றியிருந்தார்கள், மூன்று தடவை. அவர் பேனாவை வைத்துவிட்டார். அந்த மருந்து எலும்புக்குள் பல வருஷம் தங்குமாம். தாடையை அறுத்தால் சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகுமாம். "ரொம்ப அபூர்வம்தான். ஆனா ஆன்ட்டிக்கு நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றார். இதைப் படிக்கிறவர்களில் யாராவது எலும்புக்கு அந்த ஊசி போடப் போவதாக இருந்தால், முதலில் பல் டாக்டரைப் பார்த்துப் பிடுங்க வேண்டியதையும் பதிக்க வேண்டியதையும் முடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது, "எனக்கு வேணாங்க. நான் என்ன பிரெஞ்சா பேசப் போறேன்? ரெண்டு பேர் பணத்தையும் உங்க வாயிலயே போட்ருங்க, ஆடாத பல்லா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலும் கீழும் முழுதாக, கழற்றவே முடியாத பல்லாக, நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன்.

இந்தத் திருகு சமாச்சாரம் ஒரு முயலின் காலில் ஆரம்பித்தது. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனெமார்க் என்ற டாக்டர், 1952 வாக்கில், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க டைட்டானியம் கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. வேறொருவர் என்றால் திட்டிக்கொண்டே முயலைத் தூக்கிப் போட்டிருப்பார். அவர் யோசித்தார். 1965இல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் திருகு வைத்துப் பல் கட்டினார். லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்தத் திருகுகள் வேலை செய்தன. இந்தத் தகவல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அதற்கு முன்பு பல் வைத்தியத்தின் தந்தை என்று பிரெஞ்சுக்காரர்கள் பெருமைப்படும் பியேர் ஃபோஷார், 1728இல் பெரிய புத்தகமே எழுதியவர், பல்செட்டை நிறுத்த மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஸ்ப்ரிங் வைத்தார். என் திண்ணையில் அந்த ஸ்ப்ரிங் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2022 ஜூலையில் அறுவை. மயக்கம் கிடையாது, மரத்துப்போகும் ஊசிதான். வலி இல்லை. ஆனால் சத்தம் காதால் கேட்பதில்லை, மண்டை ஓட்டுக்குள்ளேயே கேட்கும். பக்கத்து வீட்டில் சுவரில் ஆணிக்கு ஓட்டை போடுகிறார்கள், அந்தச் சுவரே நாம் என்றால் எப்படி இருக்கும், அப்படி. நடுநடுவே குளிர்ந்த உப்புநீரைப் பீய்ச்சினார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் சுட்டு ஒரு நிமிஷம் போனாலே செத்துவிடும், செத்த எலும்பு திருகைப் பிடிக்காது என்று பிறகு விளக்கினார்.

கீழே நான்கு திருகு. முன்னிரண்டு நேராக, பின்னிரண்டு நரம்புக்கு வழிவிட்டுச் சாய்வாக. லிஸ்பன் நகரத்து டாக்டர் பாவ்லோ மாலோ 1990களில் பிரபலமாக்கிய முறை இது. நான்கு கால் பந்தலில் பன்னிரண்டு பல். திருகை இறுக்கும் சாவியில் அளவு காட்டும். கீழே நான்கும் 35க்கு மேல் பிடித்ததால் அன்றைக்கே தற்காலிகப் பல்லைப் பூட்டி அனுப்பினார். மேலே ஆறு வைத்தும் பிடிப்பு போதவில்லை. அவற்றை ஈறுக்குள்ளேயே தைத்து மூடி, பழைய மேல் செட்டின் உள்பக்கத்தை மெத்தென்று ஆக்கிக் கொடுத்து, ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார். விளம்பரங்களில் ஒரே நாளில் முழுப் பல் என்று போடுகிறார்களே, அது எலும்பு சம்மதித்தால்தான். யாருடைய எலும்பு சம்மதிக்கும் என்று விளம்பரத்தில் போடுவதில்லை.

முகம் ஒரு வாரம் பூசணிக்காய். மூன்று மாதம் கூழ், இட்லி, மசித்த கீரை. அடுத்த ஜனவரியில் மேலே திறந்து பார்த்தபோது ஆறில் ஒன்று கையோடு சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. எலும்பு பிடிக்கவில்லை. வலிகூட இல்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. ஐந்தே போதும் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். ஏப்ரலில் மேலும் கீழும் நிரந்தரப் பல் ஏறியது.

புதுப் பல்லின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் மெத்தை ஒன்று உண்டு. அரிசியில் ஒரு கல் இருந்தால் சட்டென்று சொல்வது அதுதான். திருகுப் பல்லுக்கு அது இல்லை. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாது. மேலும் கீழும் மோதினால் பீங்கான் தட்டு மோதுகிற சத்தம் வரும், ராத்திரி எனக்கே திடுக்கிடும். சுத்தம் செய்வது தனி உத்தியோகம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் சின்ன பிரஷ், பிறகு தண்ணீர் பீய்ச்சும் கருவி, மொத்தம் இருபது நிமிஷம். விட்டால் திருகைச் சுற்றிச் சீழ் வைத்து எலும்பு கரையும், அதுவும் வலிக்காமலேயே. ஒருமுறை வலிக்காத நோயை நம்பி முப்பத்திரண்டைத் தொலைத்தவன் நான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய்விடுகிறேன்.

பல் வந்ததும் சொல் வரவில்லை. நாக்குக்கு வீடு சின்னதாகிவிட்டது போல எங்கே போனாலும் இடித்தது. 'ச' எல்லாம் சீறியது. மொட்டை மாடியில் பழைய பத்திர நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, முகம் மழிக்கிற கண்ணாடியில் பார்த்தபடி, தினம் அரை மணி நேரம் உரக்கப் படித்தேன். கீழே துணி காயப் போடும் என் மனைவி, "இன்னிக்கு எந்த வீட்டை விக்கிறீங்க?" என்று கேட்பாள். ஆறு வாரத்தில் பிடிபட்டது. அடுத்த ஞாயிறு பாரிசுக்கு நானே போன் போட்டேன். அவன் பேச இடம் கொடுக்கவில்லை என்று பிறகு புகார் சொன்னானாம்.

தீபாவளிக்கு அவள் முறுக்கு சுட்டாள். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் சுடவில்லை. நான் கடித்த சத்தம் கூடத்து வரைக்கும் கேட்டது. அவள் தன் பங்கைச் சின்ன உரலில் போட்டு இடித்து, ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ருசி ஒண்ணுதாங்க" என்றாள். நான் இரண்டாவது முறுக்கை எடுக்கவில்லை. அவள் எடுத்துக் கையில் கொடுத்தாள். ஜன்னல் ஓரம் இப்போது ஒரு டம்ளர்தான்.

இந்த வருஷம் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழோடு அந்த சொல்தா வீட்டு அம்மா மறுபடி வந்தார். நடுவில் வேறு யாரிடமோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பல் கட்டிய சேதி கேள்விப்பட்டு வந்தாராம். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து பழைய மாதிரி வாய்விட்டுப் படித்தேன். பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி. பிறகு அந்தச் சொல். இரண்டு 'வ'வும் கடித்து, சுத்தமாக, எங்கள் வாத்தியார் கண்ணாடியைக் கீழே வைத்திருப்பார், அப்படி வந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மூணு வருஷமா கேக்குற வார்த்தைதான் முசியே. அன்னிக்கு நீங்க கொழகொழன்னு சொன்னப்ப இவ்வளவு உறைக்கல" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து, அவர் கையைப் பிடித்து, காபி குடிக்க அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். மீதி வரிகளை நான் வாய்க்குள்ளேயே படித்துப் பாரத்தை நிரப்பினேன்.